அக்கம்பக்கத்தில் விசாரித்ததில்

2025 நவம்பர் 4 முதல் டிசம்பர் 14 வரை தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான கணக்கெடுப்பு நடந்தது. எஸ்.ஐ.ஆர். என்றால்தான் பலருக்கும் தெரியும். அங்கன்வாடி ஊழியர்களும் ஆசிரியர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடு வீடாகப் படிவம் கொடுத்து, வாங்கினார்கள். பூட்டிய வீடு என்றால் குறைந்தது மூன்று முறை போக வேண்டும். அப்படியும் படிவம் வராவிட்டால் அடுத்த வேலை என்ன என்பதைத் தேர்தல் ஆணையத்தின் உத்தரவே சொல்லிவிடுகிறது. அந்த வாக்காளர் இறந்துவிட்டாரா, குடிபெயர்ந்துவிட்டாரா, ஆளே காணோமா, வேறிடத்திலும் பெயர் இருக்கிறதா என்று அருகில் வசிக்கும் வாக்காளர்களை விசாரித்து, காரணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாகக் குறைந்திருந்தது. விடுபட்ட சுமார் 97 லட்சம் பெயர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 27 லட்சம். குடிபெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போனவை 66 லட்சத்துக்கும் மேல். நீக்கப்பட்டவர் பட்டியலில் பெயருக்கு எதிரே காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைச் சொன்னவர் யார் என்பதற்குப் பத்தி எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டைப் பற்றி வாசலில் வந்து நிற்கிற ஆளிடம் பேசுவது நம் ஊர்களில் தப்பான காரியமாகக் கருதப்படுவதில்லை. இதைப் பார்த்துவிட்டு, தமிழனுக்கு அந்தரங்கம் என்றால் என்னவென்றே தெரியாது என்று நகரத்துப் படித்தவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்குத் தெருவில் மிக நுட்பமான ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு அரசுப் படிவத்திலும் கைப்பேசிச் செயலியிலும் ஏறும்போதுதான் செத்துப்போகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மணலூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். தென்பெண்ணைக் கரையில் உள்ள பேரூராட்சி. ஆற்றைத் தாண்டினால் திருவண்ணாமலை மாவட்டம். தை 5 ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் இங்கே வந்து தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார். சுற்றுவட்டாரத்துச் சாமிகளும் ஆற்றுக்கு வரும். வேலைக்காகப் பெங்களூருக்கும் சென்னைக்கும் கேரளாவுக்கும் போன குடும்பங்கள் ஊர்ப்பக்கம் தலைகாட்டுவதும் பொங்கலை ஒட்டிய அந்த நாட்களில்தான். மற்ற மாதங்களில் இந்த வட்டாரத்துத் தெரு எதுவானாலும் நாலு வீடாவது பூட்டிக் கிடக்கும். சாவி பக்கத்து வீட்டு மாடத்தில் இருக்கும். சாவியோடு சேர்ந்து அந்தக் குடும்பத்துக்காகப் பேசுகிற பொறுப்பும் அங்கேதான் இருக்கும். தபால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், மின் கணக்கெடுப்பவர் என்று யார் கேட்டாலும் “அவுங்க பெங்களூர்ல இருக்காங்க சார், பொங்கலுக்குத்தான் வருவாங்க” என்று பதில் வரும். பூட்டிய வீட்டுக்காரர் இதைக் குறையாக நினைப்பதில்லை. பதில் சொல்லாமல் விட்டிருந்தால்தான் பொங்கலுக்கு வந்து, “நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கோபித்துக்கொள்வார்.

2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரை புரண்டது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைகளுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். யார் வீட்டில் தண்ணீர் ஏறியது, யார் குடிசை விழுந்தது என்று கணக்கெடுக்கிற வேலையில் பக்கத்து வீட்டார் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பது வெள்ளம் பார்த்த எந்த ஊருக்கும் தெரியும். அந்த நேரத்தில் “அடுத்த வீட்டைப் பற்றி நான் எப்படிப் பேசுவது?” என்று ஒருவர் ஒதுங்கினால் அது நாகரிகம் ஆகாது, அநியாயம்.

ஆனால் இதே தெருவில் வேறொரு ஆள் வேறொரு கேள்வியோடு வரட்டும். குழு லோன் தவணை வசூலிக்க வருபவர் “பக்கத்து வூட்டு அக்கா எங்க போயிருக்காங்க?” என்றால், காலையில்தான் அந்த அக்காவோடு குழாயடியில் பேசிக்கொண்டிருந்தவரும் “தெரியலிங்களே” என்பார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க வருபவர்களுக்குக் கிடைக்கும் பதில் இன்னும் நுட்பமானது. “தங்கமான பையன்” என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். “நமக்கு அவ்வளவாப் பழக்கம் இல்லீங்க” என்று எதிர்வீட்டுக்காரரே சொன்னால் வந்தவர்கள் அடுத்த பேருந்தைப் பிடிப்பார்கள். ஒரு குற்றச்சாட்டும் சொல்லப்படவில்லை, ஒரு ரகசியமும் உடையவில்லை. ஆனாலும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. கேட்டவருக்கு அதை வாசிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையில் சொன்ன பதில் அது.

பெயர் சொல்வதிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் நம் பாட்டிமார் காலத்தில் கெட்டியாக இருந்தது. வயதானவர்களிடம் இன்றும் மிச்சம் இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர் பெயர் கேட்டால், பாட்டி பக்கத்தில் நிற்கும் பேரனைப் பார்ப்பார், இல்லாவிட்டால் எதிர்வீட்டுப் பெண் எடுத்துச் சொல்வார். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், 1948 இதற்கென்றே இடம் விட்டிருக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்வது கடமை என்று விதிக்கும் 8ஆம் பிரிவு, தன் வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. கணவன் பெயரையோ, இறந்துபோன கணவன் பெயரையோ, வழக்கப்படி உச்சரிக்கக் கூடாத வேறு எவர் பெயரையோ சொல்லும்படி ஒரு பெண்ணை வற்புறுத்த முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. சுதந்திர இந்தியாவின் சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருப்பது பலருக்குத் தெரியாது.

இதன் மறுபக்கம் 1951–52இன் முதல் பொதுத்தேர்தலில் தெரிந்தது. தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பதிவு செய்துகொண்ட சுமார் 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வட மாநிலத்தவர்கள், வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் வழக்கப்படி ஒரு பெண்ணின் பெயரைக் காப்பாற்றுவது, அரசுக் கணக்கில் அவள் இல்லாமலே போவதில் முடிந்தது. வாய் திறந்தாலும் ஆபத்து, திறக்காவிட்டாலும் ஆபத்து என்ற நிலை அன்றே தொடங்கிவிட்டது.

அண்டைவீட்டார் வாய்ச்சொல்லை அரசு இயந்திரம் எவ்வளவு தூரம் நம்பியிருக்கிறது என்று தேடத் தொடங்கினால் வியப்பாக இருக்கிறது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, ஆள் இல்லாத வீட்டுக் கதவில் நீதிமன்றச் சம்மனை ஒட்டும் அமீனா, இதுதான் அந்த வீடு என்று அடையாளம் காட்டியவரின் பெயரையும் முகவரியையும் அறிக்கையில் எழுத வேண்டும். போலீஸ் ஒரு வீட்டைச் சோதனை போடும்போது அந்த வட்டாரத்தைச் சேர்ந்த இரண்டு மதிப்புமிக்க நபர்களாவது சாட்சியாக இருக்க வேண்டும் என்ற பழைய விதி, 2023இன் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் தொடர்கிறது. வாரிசுச் சான்று கேட்டால் அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் வேண்டும். கணவனால் கைவிடப்பட்டவர் என்று சான்று கேட்கும் பெண்ணுக்கும் அதே விசாரணை. தெருவில் நாலு பேர் “ஆமாம், அவன் விட்டுட்டுப் போய்ட்டான்” என்று சொன்ன பிறகுதான் அவள் வாழ்க்கை அவளுக்கே சான்றிதழாகக் கைக்கு வரும்.

இதில் தனியார் நிதி நிறுவனங்களும் உண்டு. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட நுண்கடன் நெறிமுறைகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கே அந்தக் கடன். குடும்பம் தானாகச் சொல்லும் வருமானத்தைச் சரிபார்க்க, குழு உறுப்பினர்களையும் அக்கம்பக்கத்தில் உள்ள வேறு ஆட்களையும் கேட்கலாம் என்று அந்த நெறிமுறை அனுமதிக்கிறது. அதே நெறிமுறை, கடனை வசூலிக்கும்போது உறவினர், நண்பர், உடன் வேலை செய்பவர் ஆகியோரைத் தொல்லைப்படுத்தக் கூடாது, கடனாளியின் பெயரை வெளியிடக் கூடாது என்றும் தடுக்கிறது. கடன் கொடுக்கும் நாளில் தெருவின் வாய் திறக்க வேண்டும், வசூலிக்கும் நாளில் மூட வேண்டும். காகிதத்தில் இது சரிதான். ஆனால் அன்று தெருவில் கேட்டுத் தெரிந்துகொண்டவர், மறுநாள் வசூலுக்கு வரும்போது எதையும் மறந்துவிட்டு வருவதில்லை. குழுவில் ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டில், அவள் வீட்டு வரவுசெலவு குழு முழுவதற்கும் பொதுச்சொத்தாகிவிடுகிறது. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடன் வசூலில் கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

‘அருகில் உள்ளவர்’ என்று உத்தரவில் எழுதுவது எளிது. அந்த அருகில் உள்ளவர் யார்? நம் ஊர்களில் தெரு என்பது பெரும்பாலும் சாதி. ஊர் ஒருபுறம், காலனி ஒருபுறம். வெயிலில் அலைந்து களைத்த ஊழியர் டீக்கடையில் உட்கார்ந்து, காலனியில் பூட்டிக் கிடக்கும் மூன்று வீடுகளைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்பவர் அந்த வீட்டு வாசலை மிதித்தே இராதவராக இருக்கலாம். போன தேர்தலில் அந்தக் குடும்பம் யாருக்கு ஓட்டுப் போட்டது என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூரில் இருக்கும் பெண்ணைப் பற்றி அவளுடைய தெருவில் கேட்டால், “அப்படி ஒருத்தி இங்க இல்ல” என்று சொல்ல ஆள் உண்டு. அந்த வார்த்தை வெறும் கோபம். அலுவலரின் குறிப்பில் அது முகவரியில் இல்லாதவர் ஆகிவிடும்.

மணலூர்பேட்டைக்கு மேற்கே, கல்வராயன் மலையில் கணக்கே வேறு. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. சமவெளியிலிருந்து பேர், ஊர் கேட்டுக்கொண்டு ஏறி வந்தவர்களில் வனத்துறையும் மதுவிலக்குப் போலீசும் எப்போதும் முன்வரிசையில் இருந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபின் மலைமேல் கேள்விகள் இன்னும் கூடின. சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரித்தது. மலைக்குச் சாலையும் மருத்துவமும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்ட நல்ல விசாரணை அது. ஆனால் ஒரு மலைவாசியின் வாசலில் நிற்கும் புது ஆள் நீதிமன்றத்தின் அக்கறையோடு வந்தவரா, வழக்குப் போட வந்தவரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்துக் குடிசைக்காரர் எங்கே என்ற கேள்விக்கு அங்கே ‘தெரியாது’ என்ற பதில் வந்தால் அதை அறியாமை என்று எடுத்துக்கொள்கிறவருக்கு மலையைத் தெரியாது என்றே பொருள்.

கேட்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பதற்குத் தமிழர் வரலாற்றில் இதைவிடக் கொடிய சாட்சி ஒன்று உண்டு. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டில் தமிழர் என்று அரசுக் காகிதம் சொல்லிக் கொடுத்தது. அந்த நாட்களில் தம் வீட்டுக்குள் தமிழரை ஒளித்துவைத்துவிட்டு, வாசலில் நின்று ‘இங்கே தமிழர் யாரும் இல்லை’ என்று சொன்ன சிங்கள அயலவர்கள் பலர். அவர்கள் சொன்னது பொய். பட்டியல் சொன்னது உண்மை. தேர்தல் நடத்துவதற்காகச் சேர்த்த ஒரு தகவல் தீ வைக்கப் பயன்பட்டது.

மேற்கில் இந்த ஒழுக்கம் கடுமையானது, அங்கே யாரும் அண்டைவீட்டுக்காரரைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. முழு உண்மை அதுவல்ல. அமெரிக்காவின் பத்தாண்டுக் கணக்கெடுப்பில் பலமுறை போயும் ஆள் கிடைக்காவிட்டால், அண்டைவீட்டாரையோ வீட்டு உரிமையாளரையோ கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். நம் அலுவலர் செய்யும் அதே வேலை. வேறுபாடு அதற்கப்பால் இருக்கிறது: அந்தத் தகவல் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே, பெயரோடு கூடிய ஆவணம் 72 ஆண்டுகள் திறக்கப்படாது. சுவீடனில் ஒருவர் எவ்வளவு வரிக்குரிய வருமானம் ஈட்டினார் என்பதை அவருடைய அண்டைவீட்டார் அரசு அலுவலகத்தில் கேட்டே தெரிந்துகொள்ளலாம். ஜெர்மானியர்கள் நேர்மாறு. 1983இல் கணக்கெடுப்புக்கு எதிராக மக்கள் கிளம்பியபோது, தன்னைப் பற்றிய தகவல் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை தனிமனிதருக்கு உண்டு என அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. நாட்டுக்கு நாடு கோடு மாறுகிறது. எங்கும் கோடு இருக்கிறது.

நம் நாட்டில் அந்தக் கோட்டை உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் போட்டார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அது நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது 2025 ஜூலையில். தி.மு.க.வின் ‘ஓரணியில் தமிழ்நாடு’ உறுப்பினர் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போனவர்கள் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்குவதை எதிர்த்து வழக்கு வந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஓ.டி.பி. வாங்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் அந்தத் தடையில் தலையிட மறுத்தது. கட்சி எதுவாக இருந்தாலும் அந்த உத்தரவு சரியானது என்றே நான் கருதுகிறேன். வாசலில் நிற்பவர் நம் வார்டுக்காரர், பெரியப்பா முறை. அவர் முகத்துக்காக எண்ணைச் சொல்லிவிடுகிறோம். அந்த எண் போய்ச் சேருகிற கணினிக்கு நம் மேல் எந்த முறையும் கிடையாது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். திண்ணைப் பேச்சை அந்தச் சட்டம் தொடாது, தொடவும் கூடாது.

மீண்டும் அந்தப் பூட்டிய வீட்டுக்கே வருகிறேன். “பெங்களூர்ல இருக்காங்க, பொங்கலுக்கு வருவாங்க.” இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு செய்திகள் உள்ளன. முதல் பாதியை மட்டும் எழுதினால் அவர் குடிபெயர்ந்தவர். இரண்டாம் பாதியையும் எழுதினால் அவர் இந்த ஊர் வாக்காளர். ஏனென்றால், தற்காலிகமாக வெளியூர் போவதாலேயே ஒருவர் தம் வழக்கமான குடியிருப்பை இழந்துவிடுவதில்லை என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. உதவி செய்வதாகவே நினைத்தார். அவர் முழு வாக்கியமாகச் சொன்னதைப் படிவம் ஒரே சொல்லாகச் சுருக்கிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பெயரை நீக்கச் சொல்லி முறையாக மனு கொடுக்க விரும்பினால் படிவம் 7 நிரப்ப வேண்டும், தம் பெயரையும் அடையாள எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யார் பெயரை நீக்கக் கேட்கிறாரோ அவருக்கு அறிவிப்புப் போகும். எழுத்தில் கேட்டால் இத்தனை காவல். வாசலில் வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொண்டால் வரைவுப் பட்டியல் வருமுன் அவருக்கு அப்படி ஓர் அறிவிப்பு இல்லை. விடுபட்டவர்தான் பிறகு பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பீகாரில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடும்படி 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே, காரணம் சொல்லும் வழக்கமாவது வந்தது. காரணம் சொன்னால் போதாது. அது யார் வழியாக வந்த தகவல், நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்பதும் எழுதப்பட வேண்டும். அண்டைவீட்டார் பெயரை வெளியிடச் சொல்லவில்லை. அது தெருவில் பகையைத்தான் மூட்டும். ‘பிறரிடம் கேட்டது’ என்ற ஒரு குறிப்பு போதும். அப்படிக் குறித்த பெயர்களுக்கு மட்டுமாவது நீக்குமுன் கைப்பேசியில் ஓர் அழைப்பு, ஒரு குறுஞ்செய்தி.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 அடுத்து வருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கணக்கெடுப்பு ஏடுகளை யாரும் பார்வையிட முடியாது, சாட்சியமாகவும் பயன்படுத்த முடியாது என்று காக்கிறது. அங்கே தாராளமாகப் பதில் சொல்லலாம். வேறு யார் கேட்டு வந்தாலும் அடையாள அட்டையைக் கேளுங்கள், எந்த அலுவலகம், எதற்காக என்று கேளுங்கள். முன்பு பூட்டிய வீட்டுக்காரருக்காக நாம்தான் பேச வேண்டியிருந்தது, அவரை எட்ட வேறு வழி இல்லை. இப்போது சாவி இருக்கும் வீட்டில் அவருடைய கைப்பேசி எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணை வந்தவரிடம் கொடுக்காதீர்கள். நீங்களே போட்டு, பூட்டிய வீட்டுக்காரரையே பேசச் சொல்லுங்கள்.